குப்பைக்கு நெருப்பு வைக்க முன்: மண்புழு உரம் பற்றி முதலில் தெரிய வேண்டியவை

வன்னியில் காலையில் எந்த ஊர் ஒழுங்கைக்குள் நடந்தாலும் புகை மணம் வரும். முற்றம் கூட்டி, மாவிலை, பலாவிலை, தேக்கஞ்சருகு எல்லாவற்றையும் வேலியோரம் குவித்து நெருப்பு வைப்பது எங்களுக்குப் பல் தீட்டுவது போல ஒரு பழக்கம். அரிவி வெட்டு முடிந்தால் வயலில் வைக்கலும் அப்படித்தான் எரிகிறது. பிறகு அதே வீட்டில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் உரம் வாங்கக் காசு தேடுகிறோம். சருகில் இருந்த நைதரசன் புகையோடு போய்விட்டது, மிஞ்சியது கொஞ்சம் சாம்பல், அதையும் சோளகக் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, அள்ளிக்கொண்டு போய்விடும். எனக்கு இதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மண்புழு உரம் என்றால் வேறொன்றுமில்லை, மாட்டெரு, சருகு, குசினிக் கழிவு போன்றவற்றைப் புழுக்கள் தின்று கழித்த எச்சம். கறுப்பாக, தேயிலைத் தூள் போலக் குறுணி குறுணியாக இருக்கும். சாணத்திலிருந்து வந்தது என்று சொன்னால் நம்ப முடியாதபடி முதல் மழை விழுந்த மண்ணின் மணம்தான் வரும்.

இது எப்படி நடக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிறகு வரும் எல்லாப் பிரச்சினைக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. மண்புழுவுக்குப் பல் கிடையாது. பச்சை இலையைக் கடித்துத் தின்ன அதனால் முடியாது. முதலில் பற்றீரியாவும் பங்கசும் அந்த இலையில் ஏறி அதை அழுக வைத்து மெதுமையாக்க வேண்டும். அப்படி இளகியதை, அதில் இருக்கும் நுண்ணுயிர்களோடு சேர்த்துத்தான் புழு விழுங்குகிறது. கூடவே சின்ன மணல் துணிக்கைகளும் உள்ளே போகும், கோழியின் இரைப்பையில் கல் அரைப்பது போல அந்த மணல்தான் புழுவின் வயிற்றுக்குள் அரைக்கிறது. குடல் வழியே போகும்போது நுண்ணுயிர்கள் இன்னும் பெருகி, சத்துகள் செடியின் வேர் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாறி, பசை பிடித்த சிறு உருண்டைகளாக வெளியே வருகின்றன. ஆகவே நீங்கள் உண்மையில் வளர்ப்பது புழுவை மட்டும் அல்ல, அழுகலைச் செய்யும் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தையும்தான். புழு வாழ்வதற்கென்று எருவும் வைக்கலும் போட்டுச் செய்யும் படுக்கை ஈரமாக, குளிர்ச்சியாக, காற்றோட்டமாக இருந்தால் அந்தக் கூட்டம் வேலை செய்யும், புழு தன்பாட்டில் பெருகும். எங்கள் பகுதியில் இந்த மூன்றில் குளிர்ச்சிதான் கஷ்டமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு விஷயம், புழு தோலால்தான் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் ஒட்சிசன் உள்ளே போகும், காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். அதே நேரம் தண்ணீர் தேங்கி நின்றால் அந்தத் தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்துபோய் அப்படியும் சாகும். அதனால்தான் எல்லோரும் ‘ஈரம் வேண்டும், ஆனால் சேறு வேண்டாம்’ என்கிறார்கள். அளவு பார்க்க மீற்றர் ஒன்றும் தேவையில்லை. படுக்கையிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள், விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வந்தால் சரி, ஒழுகினால் அதிகம், ஒன்றும் வராமல் கை திறந்ததும் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

சரி, எந்தப் புழு? மாரி தொடங்கி மழை இரண்டு தரம் ஊறப் பெய்தவுடன் வளவெல்லாம் நெளியுமே, நாங்கள் தூண்டிலில் கோத்துக்கொண்டு குளத்தடிக்கு ஓடிய அந்த நாக்கிளிப்புழு, அதைப் பிடித்துத் தொட்டியில் போட்டால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போதாது. அவற்றில் அனேகமானவை மண்ணுக்குள் வளை தோண்டி மண்ணைத் தின்று வாழ்பவை. நிலத்துக்கு அவை பெரிய சொத்து, மண்ணைத் துளைத்துக் காற்றும் தண்ணீரும் இறங்க வழி செய்பவை, 1881இல் சார்ள்ஸ் டார்வின் ஒரு முழுப் புத்தகமே எழுதியது மண்ணில் மண்புழுக்கள் செய்யும் இந்த வேலையைப் பற்றித்தான். ஆனால் குப்பைத் தொட்டிக்குள் அவை தங்காது. எங்களுக்குத் தேவை மண்ணின் மேற்பரப்பில், சருகுக்கும் சாணத்துக்கும் இடையில் வாழும் புழு. பழைய எருக்கும்பியைக் கிளறினால் அடியில் ஊதா கலந்த சிவப்பில், தொட்டவுடன் துள்ளி நெளியும் மெல்லிய புழுக்கள் இருக்கும், அந்த வகை. பெரியோனிக்ஸ் என்று பெயர், எங்கள் தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பக்கத்துக்கு உரியது, வெக்கையையும் ஓரளவு தாங்கும். பண்ணைகளில் வளர்ப்பவர்களிடம் ஆபிரிக்கப் புழு என்று தடித்த, நீளமான ஒன்று கிடைக்கும், யூட்ரிலஸ் என்பது அதன் பெயர், 25 முதல் 30 பாகை செல்சியஸ் அதற்கு உவப்பு. ஐசீனியா என்ற சிவப்புப் புழுவைத்தான் இணையத்தில் அதிகம் காட்டுவார்கள், ஆனால் அது குளிர் நாட்டுக்காரர்களின் தோழன், எங்கள் சித்திரை வெயிலுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெயில் என்றேனே, என் முதல் தொட்டி அதில்தான் போனது. ஒரு நீல பீப்பாவைப் பாதியாக வெட்டி, தகரக் கொட்டிலுக்குள் வைத்து, பட்டியிலிருந்து அன்று காலை அள்ளிய சாணத்தை நிரப்பி, ஒரு கிலோ புழுவை மேலே விட்டேன். வைகாசி மாதம். அடுத்த நாள் காலையில் பாதிப் புழு பீப்பாவின் விளிம்பில் ஏறிக் காய்ந்து கிடந்தது, மீதி உள்ளே வெந்து போயிருந்தது. இரண்டு பிழை ஒரே நாளில் செய்திருக்கிறேன் என்று பிறகுதான் விளங்கியது. பச்சைச் சாணத்தைக் குவித்தால் பற்றீரியா வேகமாகப் பெருகி, குவியலின் நடுப்பகுதி 50, 60 பாகை வரைக்கும் சூடேறும், அதோடு மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவும் சேரும். புழு 35 பாகைக்கு மேல் நீண்ட நேரம் தாங்காது. தகரக் கூரை அடியில் மத்தியானம் எப்படி இருக்கும் என்று வன்னியில் தகரக் கொட்டிலுக்குள் இருந்த யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சாணத்தை முதலில் ஆற விட வேண்டும். நிழலில் குவித்து, தண்ணீர் தெளித்து, நாலைந்து நாளுக்கு ஒருதரம் புரட்டி, இரண்டு மூன்று கிழமை விட்டால் சூடு அடங்கிவிடும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு இல்லாமல் குளிர்ந்திருந்தால் ஆயத்தம். சந்தேகமாக இருந்தால் ஒரு சிரட்டைக்குள் அந்த எருவை வைத்து ஐந்தாறு புழுவை விட்டு ஒரு நாள் பாருங்கள். உள்ளே இறங்கிக் கிடந்தால் நல்லது, மேலே ஏறி ஓடப் பார்த்தால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்திருந்தால் அதற்குப் பிந்திய இரண்டு கிழமைச் சாணத்தைப் புழுவுக்குப் போடாதீர்கள், மாட்டு வயிற்றுப் புழுவைக் கொல்லும் மருந்தின் மிச்சம் சாணத்தோடுதான் வெளியே வருகிறது.

படுக்கை போடும் இடம்: நல்ல நிழல் தரும் மாமரத்தின் கீழ், அல்லது கிடுகு வேய்ந்த கொட்டில். தகரம்தான் இருக்கிறது என்றால் அதன் மேல் கிடுகோ பனையோலையோ போட்டு மூடுங்கள். பக்கங்களை அடைக்காதீர்கள், காற்று போய்வரட்டும். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று தெரியும்தானே, ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. புழுப் படுக்கையின் மேல் ஒரு சணல் சாக்கை நனைத்துப் போட்டு வைத்தால் அதே வேலை நடக்கும், வெளியில் 35 பாகை கொதிக்கிற நாளிலும் சாக்கின் கீழ் கை வைத்தால் சில்லென்று இருக்கும். சோளகம் அடிக்கிற மாதங்களில் சாக்கு ஒரு நேரத்துக்குள் காய்ந்துவிடும், ஆகவே காலையும் பின்னேரமும் தெளிக்க வேண்டும். கரையோரக் கிணறுகளில், பூநகரி, மன்னார்ப் பக்கம் தண்ணீர் உவராக இருக்கும் இடங்களில், அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் உப்புச் சேர்ந்து புழுவைக் கொல்லும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைப் பாவியுங்கள்.

அகலம் மூன்று அடிக்கு மேல் வேண்டாம், இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். நீளம் உங்கள் வசதி. உயரம் ஒன்றரை அடி போதும், அதற்கு மேல் போனால் அடியில் அமுங்கிக் காற்று இல்லாமல் போகும். சீமெந்துக் கல்லை அடுக்கலாம், பழைய பேசினில் துளை போடலாம், ஒன்றும் இல்லாவிட்டால் உரப்பையைக் கூட விரித்துச் செய்யலாம். அடியில் உடைந்த செங்கல்லோ சிரட்டையோ பரப்பி, அதற்கு மேல் தென்னந்தும்பும் நனைத்த பழைய வைக்கலும் அரை அடிக்குப் போட்டு, அதன் மேல் ஆறிய எரு. இதை ஒரு கிழமை ஈரமாக வைத்துவிட்டுப் புழுவை விடுங்கள். சதுர மீற்றருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போதும்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு சமநிலை இருக்கிறது. சாணம், குசினிக் கழிவு, கிளிசறியா இலை இவை நைதரசன் கூடியவை, சீக்கிரம் அழுகும், தனியாகப் போட்டால் சூடேறும், நாறும். வைக்கல், சருகு, காகித மட்டை இவை காபன் கூடியவை, தனியாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25, 30 பங்கு என்ற கணக்கில் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும் என்பார்கள். வீட்டில் யாரும் அதை அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம். ஒரு கடகம் எருவோடு ஒரு கடகம் நறுக்கிய சருகு, அவ்வளவுதான். வாழைத்தடலை நறுக்கிப் போட்டால் புழு அதற்குள் போய்க் குடியிருக்கும், அது நான் கண்ட அளவில் அவற்றுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. தேக்கஞ்சருகு தடித்தது, ஊற வைத்து நொறுக்கிப் போடுங்கள். முட்டைக் கோதை இடித்துத் தூவலாம்.

போடக் கூடாதவையும் உண்டு. மீன் கழிவு, இறைச்சி, எலும்பு, எண்ணெய், உப்புப் புளி சேர்ந்த கறி மிச்சம், ஊறுகாய், தேசிக்காய்த் தோல் அதிகமாக. முல்லைத்தீவுக் கரையில் மீன் தலையும் குடலும் நிறைய மிஞ்சும், அது நல்ல பசளைதான், ஆனால் தென்னை அடியில் தோண்டிப் புதையுங்கள், புழுவுக்கு வேண்டாம், எலியும் நாயும் வரும், எலி வந்தால் பின்னால் பாம்பும் வரும். கோழி எருவில் அமோனியா மிக அதிகம், பச்சையாகப் போட்டால் அன்றே புழு ஓடும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம், அது காரம்.

ஒரு தரத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் சாப்பாடு போடாதீர்கள், போட்டது முடிந்த பிறகு அடுத்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் புழுவுக்குப் பசிக்குமே என்று அள்ளி அள்ளிப் போட்டுத்தான் கெடுக்கிறார்கள். படுக்கை நாறுகிறது என்றால் ஒன்றில் தண்ணீர் கூட, இல்லாவிட்டால் சாப்பாடு கூட. காய்ந்த சருகைக் கலந்து கையால் மெதுவாகக் கிளறி இரண்டு நாள் விட்டால் மணம் போய்விடும்.

பக்கத்து வளவு அக்கா ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, உந்தப் புழு வளவெல்லாம் பரவி எங்கட மரவள்ளி வேரைத் தின்னாதோ?” என்று கேட்டார். தின்னாது. உயிருள்ள வேரை அவை தொடுவதில்லை, செத்து இளகியதைத்தான் தின்னும். இந்தச் செம்மண் காய்ந்து கிடக்கிறபோது படுக்கையை விட்டு வெளியே போன புழு வேலி வரைக்கும் போய்ச் சேராது. சின்ன வயதில் எங்களுக்குச் சொன்ன இன்னொரு கதையும் உண்டு, மண்வெட்டி பட்டு இரண்டாகினால் இரண்டு புழுவாகும் என்று. அதுவும் உண்மையில்லை. தலைப் பக்கத்துத் துண்டு சிலவேளை பிழைத்து வால் வளர்க்கும், மற்றது அனேகமாகச் செத்துவிடும். ஆகவே படுக்கைக்குள் மண்வெட்டி வேண்டாம், கைதான்.

பெருகுவது முட்டைக் கூட்டால். ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் இரண்டு சேர்ந்தால்தான் கரு உண்டாகும். கழுத்துப் பக்கத்தில் மோதிரம் போட்டது போல ஒரு தடிப்புத் தெரிந்தால் அந்தப் புழு வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மோதிரத்திலிருந்துதான் எள்ளை விடச் சற்றுப் பெரிய, மஞ்சள் கபில நிற முட்டைக் கூடு வெளியே வரும். வகையைப் பொறுத்து மூன்று கிழமை அளவில் குஞ்சுகள் வந்து, இன்னும் இரண்டு மாதத்தில் அவையும் மோதிரம் போடும். இடமும் சாப்பாடும் இருக்கிற அளவுக்குத்தான் பெருகும், பிறகு தாமே அடங்கிவிடும்.

எதிரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது வன்னிக்கு எழுதியதாகாது. எறும்புதான் முதல் எதிரி, சிவப்பு எறும்பு ஒரு இரவில் குஞ்சையும் முட்டையையும் முடித்துவிடும். எறும்பு வருகிறது என்றால் படுக்கை காய்கிறது என்பதையும் அது சொல்கிறது. கால் வைத்த தொட்டியென்றால் ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவுக்குள் நிறுத்துங்கள், நுளம்பு பெருகாமல் இருக்க அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கழிவு ஒயில் விடுங்கள், டெங்கு வரவழைத்துக்கொள்ளக் கூடாது. கோழியும் செண்பகமும் கிளறும். மயில் வந்தால் சாக்கையே இழுத்துப் போட்டுவிடும், இப்போது மயில் இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. காட்டோரக் காணிகளில் பன்றி மோப்பம் பிடித்து வந்து முழுப் படுக்கையையும் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும். கம்பி வலை ஒன்று மேலே, காடு பக்கத்தில் என்றால் உறுதியான அடைப்பு, இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மழை இறங்கினால் நிலத்தோடு போட்ட படுக்கைக்குள் வெள்ளம் புகுந்து புழு எல்லாம் வெளியே நடந்துவிடும். படுக்கையை நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்திக் கட்டுவதும், சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டுவதும் புரட்டாதிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதத்தில் மேல்பக்கம் தேயிலைத் தூள் போல ஆகியிருக்கும். அப்போது மூன்று நாலு நாள் தண்ணீரை நிறுத்தி, ஒரு பக்கத்தில் மட்டும் புதுச் சாப்பாடு போட்டு விடுங்கள், புழு அந்தப் பக்கம் நகரும். அல்லது வெளிச்சத்தில் கூம்பு போலக் குவியுங்கள். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, அடிக்கு இறங்கும், மேலிருந்து வழித்து வழித்து எடுக்கலாம். அரிதட்டில் அரித்து மேலே தங்கியதைத் திரும்பப் படுக்கையிலேயே போடுங்கள், முட்டைக் கூடுகள் அதற்குள் இருக்கும். எடுத்த உரத்தை வெயிலில் காய வைக்காதீர்கள், அதில் உயிரோடு இருக்கிற நுண்ணுயிர்கள்தான் அதன் பாதிப் பெறுமதி. நிழலில், லேசான ஈரத்தோடு, காற்றுப் போகிற சாக்கில் வையுங்கள்.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி: இது யூரியாவுக்குப் பதிலாகுமா? 2021 சித்திரைக் கடைசியில் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது, ‘சேதனப் பசளை போடுங்கள்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார்கள், கார்த்திகையில் தடையை விலக்கிய நேரம் காலபோகம், அதாவது மாரி நெல், விதைத்த வயல்கள் வெளிறிப்போய் நின்றன. அந்தக் கணக்கை நாங்களே ஒருதரம் போட்டுப் பார்ப்போம். யூரியாவில் 46 வீதம் நைதரசன், 50 கிலோப் பை ஒன்றில் 23 கிலோ. மண்புழு உரத்தில் போட்ட பொருளைப் பொறுத்து ஒன்று, இரண்டு வீதம்தான். ஒன்றரை வீதம் என்று வைத்தால் அந்த 23 கிலோவுக்கு ஒன்றரைத் தொன் மண்புழு உரம் வேண்டும், அதுவும் யூரியா போல ஒரே தரத்தில் கரையாமல் மெதுவாகத்தான் விடும். ஐந்து ஏக்கர் வயலுக்கு வீட்டுத் தொட்டியிலிருந்து இதைக் கொடுக்க முடியாது, முடியும் என்று சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

ஆனால் நைதரசன் மட்டும் கணக்கல்ல. எங்கள் செம்மண்ணும் கரையோர மணலும் ஊற்றிய தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை, போட்ட உரமும் மழையோடு கீழே இறங்கிவிடுகிறது. புழுவின் எச்சம் பஞ்சு போல ஈரத்தைப் பிடிக்கும், சத்தையும் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். ஆகவே அதைக் குறைந்த இடத்தில் பெறுமதியாகப் பாவியுங்கள். நாற்றுமேடைக்கு மூன்று பங்கு மண்ணோடு ஒரு பங்கு. மிளகாய், கத்தரி, தக்காளி நடும் குழிக்கு இரண்டு பிடி. பப்பாசிக்கும் வாழைக்கும் அடியைச் சுற்றி ஒரு வாளி போட்டு, மேலே சருகு மூடாக்கு. தொட்டியடியில் வடியும் கறுப்புத் தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து அடியில் ஊற்றலாம், கீரைக்கும் சலாதுக்கும் இலையில் தெளிக்க வேண்டாம், நன்றாக மக்காத சாணத்தின் கிருமி அதில் இருக்கலாம்.

தொடங்க நல்ல காலம் தை, மாசி. மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, அரிவி வெட்டு முடிந்த வைக்கலும் கைக்கு வரும். புழுவைக் கடைசியில் தேடுங்கள், முதலில் நிழல், பிறகு ஆறிய எரு, பிறகு ஒரு கிழமை ஈரமாகக் கிடந்த படுக்கை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை கமநல சேவை நிலையத்தில் கேட்டால் யார் வளர்க்கிறார்கள் என்று சொல்வார். வாங்கக் காசில்லை என்றால், பழைய எருக்கும்பி பக்கத்தில் ஈரமான நிழலில் அரைக் கிலோச் சர்க்கரையையும் அதேயளவு சாணத்தையும் இரண்டு லீற்றர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, வைக்கலும் நனைத்த சாக்கும் போட்டு மூடி, மூன்று நாலு கிழமை தினமும் தண்ணீர் தெளியுங்கள், அந்த இடத்துப் புழுக்கள் சாக்கின் கீழ் வந்து சேரும். எடுக்கும்போது அவை கிடந்த எருவோடேயே அள்ளி, பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு கொண்டுவந்து படுக்கையின் மேல் வையுங்கள், தோண்டிப் புதைக்க வேண்டாம், தாங்களாகவே இறங்கும். முதல் இரண்டு மூன்று இரவு சில புழு வெளியே ஏறிப் பார்க்கும். மேலே ஒரு சின்ன லைற்றைப் போட்டு விடுங்கள், திரும்ப உள்ளே போய்விடும்.